கையேடு தேறவில்லை

சுருக்கமாக எழுதுவது எப்படி என்பதை வால்டெமார் பெந்தான்கோர் தன் கையேட்டில் பதினோரு பக்கங்களில் விளக்கியிருந்தார். அதில் ஒரு சொல்கூட வீண் இல்லை என்று இன்றைக்கும் சாதிப்பார். சாதிக்கத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இரண்டு பஸ்ஸாவது போய்விடும்.

உருகுவாயின் தலைநகரான மொந்தெவிதேயோவில், ரெதூக்தோ பேட்டையில், முன்பு மெத்தை தைக்கும் பட்டறையாக இருந்த கட்டடத்தில் அவருடைய கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிற நாற்பது பேர். பால் வண்டிகளுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் துறைமுகத்துக் கிடங்குகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். முதலாளி என்று ஒருவர் இல்லை. நாற்பது பேருமே முதலாளிகள் என்பதால் நிம்மதி என்று ஒன்றும் இல்லை. எதுவானாலும் பொதுக்குழுவில் கை தூக்கித்தான் முடிவாகும். சம்பளம் அப்படித்தான் முடிவானது. சமையலறை ஜன்னலுக்கு என்ன நிறத் திரை போடுவது என்பதும் அப்படித்தான். திரைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

வால்டெமார் செர்ரோ குன்றுப் பக்கத்தில் பிறந்தவர். அப்பா இறைச்சிக் குளிர்சாலையில் வேலை பார்த்தவர். நெட்டையான உடம்பு, முன்பக்கம் கொஞ்சம் வளைந்தது. இடது அக்குளில் வெந்நீர்க் குடுவை, அதே கையில் மாத்தே என்கிற இலைக் கஷாயத்தைக் குழலால் உறிஞ்சும் சுரைக்குடுக்கை. அந்தக் குடுவை அவருக்கு அக்குளிலேயே முளைத்தது என்பார்கள். சங்கத்தைத் தொடங்கிய சிலரில் அவரும் ஒருவர். ஆனால் அவர் பேர் எடுத்தது எழுதிய நிரல்களால் அல்ல, நிரல் எழுதுவது எப்படி என்று எழுதிய கையேட்டால்.

அந்தப் பொறுப்பு அவரிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதினார்கள். அடைப்புக்குறியை வரியின் கடைசியில் வைப்பதா, அடுத்த வரியின் தலையில் வைப்பதா என்று இரண்டு பேருக்குள் தகராறு வந்து, ஒரு குளிர்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ஒருவர் எழுதிய நிரலை அடுத்தவர் திறந்தால் வேற்றார் வீட்டுக்குள் நுழைந்தாற்போல இருந்தது. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பொதுக்குழு கூடி, யாராவது ஒருவர் விதி எழுதட்டும், மற்றவர்கள் கட்டுப்படுவோம் என்று முடிவெடுத்தது. யார் எழுதினாலும் தன் பழக்கத்தையே சட்டமாக்கிவிடுவார் என்று எல்லோருக்கும் சந்தேகம். கடைசியில் வால்டெமாரைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மிக மோசமாக நிரல் எழுதியவர் அவர்தான். அவருடைய பழக்கத்தை அவரேகூடச் சட்டமாக்க மாட்டார் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை.

நம்பிக்கை வீண்போகவில்லை. கையேடு அருமையாக வந்தது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம், அதன்கீழ் "தவறு" என்று ஓர் எடுத்துக்காட்டு, "சரி" என்று ஓர் எடுத்துக்காட்டு. சரியான எடுத்துக்காட்டுகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தவறுகளைத்தான் படித்தார்கள். மோசமாக எழுதுவதில் அவருக்கு இருந்த திறமை முழுவதும் அங்கே பூத்துக் குலுங்கியது. பசு, கன்று, டிரைவர் மூவருக்கும் 'x' என்றே பெயர் வைத்து, யார் எதைக் குடிக்கிறார்கள் என்று புரியாமல் போகும் எடுத்துக்காட்டைச் சமையலறையில் மனப்பாடமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் அந்தத் தவறை அப்புறம் செய்யவில்லை.

இப்படியாக அவர் ஊருக்கு விதி வகுத்துக்கொண்டிருக்க, வீட்டில் அவர் மனைவி நூபியா, காலுறை வைக்கிற இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம், "இங்க வந்து பாரு, கையேடு எழுதின மகராசனோட லட்சணத்தை" என்று யாரையோ கூப்பிடுவாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. 'பயன்படாததை அழித்துவிடு, அதற்காகத் துக்கம் கொண்டாடாதே' என்று எழுதியவரின் பரணில், எந்தச் சாதனத்துக்கும் பொருந்தாத ஒயர்கள் பெட்டி பெட்டியாக இருந்தன.

இந்த வருஷம் குளிர்காலத் தொடக்கத்தில் யமந்தூ ஒலிவேரா ஒரு சரிபார்ப்பானை எழுதி முடித்தார். யமந்தூ வால்டெமாருக்குப் பத்து வயது இளையவர், பொறுமைசாலி, காற்பந்துப் பைத்தியம். அவருடைய சரிபார்ப்பான் ஒரு சின்ன நிரல்தான். எல்லாருடைய நிரல்களும் சேர்ந்திருக்கிற சங்கத்தின் பொதுக் களஞ்சியத்தில் ஒவ்வொரு கோப்பையும் படித்து, கையேட்டு விதிகளில் ஒன்று மீறப்பட்டிருந்தாலும் சிவப்புக் காட்டும். எங்கேயாவது ஒரு சிவப்பு இருக்கும்வரை வாடிக்கையாளருக்கு எதுவும் போகாது.

பொதுக்குழுவில் இதற்கு ஒப்புதல் கேட்டபோது, "தேவைப்பட்டால் சில கோப்புகளுக்கு விலக்கு தரலாம்" என்று யாரோ ஒரு வரி சேர்க்கப் பார்த்தார்கள். கூட்டம் கொதித்துப் போனது. விலக்கு என்பது முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொள்வது. அதிலிருந்து தப்பிக்கத்தானே சங்கம் வைத்தோம்? "களஞ்சியத்தில் உள்ள அனைத்துக்கும், யாருடையதானாலும், விதிவிலக்கே இன்றி" என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் வால்டெமார்.

சரிபார்ப்பானை இயக்கிய திங்கட்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. மழை என்றால் பொரித்த அப்பம். மூலைக் கடையிலிருந்து ஒரு பை நிறைய வந்திருந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே யமந்தூ வால்டெமாரின் மேஜைக்கு வந்தார்.

"பெருசு, ஒரு விஷயம் சொல்லணும். உட்காரு."

"உட்கார்ந்துதானேய்யா இருக்கேன்."

"அப்ப எந்திரிச்சு மறுபடி உட்காரு. சரிபார்ப்பான் ஓடிடுச்சு. எல்லாம் பச்சை. ஒண்ணே ஒண்ணுதான் சிவப்பு."

"எந்தப் பரதேசியோட கோப்பு அது?"

யமந்தூ அப்பத்தை ஒரு கடி கடித்தார்.

கையேடும் களஞ்சியத்தில்தான் இருந்தது. அதிலிருந்த 'தவறு'கள் ஒன்றுவிடாமல் சரிபார்ப்பானிடம் சிக்கியிருந்தன. பசுவும் கன்றும் டிரைவரும் பிடிபட்டார்கள். நீளமாக எழுதாதே என்பதைக் காட்ட எழுதிய நீளமான வரி பிடிபட்டது. திரை முழுக்க அம்மை போட்டாற்போலச் சிவப்பு. மற்ற முப்பத்தொன்பது பேரும் எழுதியதில் ஒரு புள்ளிகூட இல்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. 'இந்த வரியைப் பார்க்காதே' என்று சரிபார்ப்பானுக்குச் சொல்கிற ஒரு குறி உண்டு. அதை மேலே போட்டுவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அந்தக் குறியைப் போடக் கூடாது என்று தடுத்திருந்தது கையேடேதான். 'சரிபார்ப்பவனின் வாயைப் பொத்தாதே, உன் தவறைத் திருத்து' என்று வால்டெமார் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். விலக்குக் கேட்கலாம் என்றால் பொதுக்குழு கூட வேண்டும். அது அடுத்த வாரம் வியாழன். பால் வண்டிகளுக்கான புது வெளியீடோ இந்த வெள்ளிக்குள் போயாக வேண்டும். ஒன்றாம் தேதியிலிருந்து பால் விலை மாறுகிறது.

அராசெலி சுனினோ வந்து வால்டெமாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். துராஸ்னோ ஊர்க்காரி, ஐம்பது வயது, சங்கத்திலேயே சுத்தமாக நிரல் எழுதுகிறவள். அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மறுக்க ஒரு வாரமாவது தேவைப்படும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கையேட்டைத் தூக்கிடு. எல்லாம் பச்சையாயிடும்."

"தூக்கறதா? இத பாரு அராசெலி, இது விஷம், குடிக்காதேன்னு காட்டணும்னா பாட்டில்ல விஷம் இருந்துதானே ஆகணும்?"

"இருக்கட்டும். அதை ஏன் சமையலறை அலமாரியில வெச்சிருக்கே?"

"வேற எங்க வைக்கிறது?"

"அது உன் பாடு. சொன்ன பேச்சைத் தானே காப்பாத்த முடியாதவங்க சொல்லவே கூடாது. மனுஷனுக்கும் அதுதான், கையேட்டுக்கும் அதுதான். வியாழக்கிழமை தீர்மானம் கொண்டு வரேன், நிரந்தரமா நீக்கணும்னு. முதுகுக்குப் பின்னால பண்றேன்னு நெனைக்காத, அதான் மூஞ்சிக்கு நேராச் சொல்றேன்."

"முதுகுக்குப் பின்னால நின்னுதான் சொல்றே" என்றார் வால்டெமார்.

அன்று மதியம் கையேட்டைக் களஞ்சியத்திலிருந்து அவரே எடுத்தார். தற்காலிகமாக, வியாழன்வரை. பால் வண்டிகள் காத்திருக்காது. எடுத்த மாத்திரத்தில் திரை பச்சைப் பசேலென்று ஆனது. சமையலறையில் யாரோ கைதட்டினார்கள். தன் வாழ்நாளின் பாதி போன இடத்தில் ஒரு தழும்புகூட மிஞ்சவில்லை என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை வீட்டில் உட்கார்ந்து, தவறுகள் ஒன்றும் இல்லாமல் சரியான எடுத்துக்காட்டுகளை மட்டும் வைத்துக் கையேட்டைத் திருப்பி எழுதிப் பார்த்தார். சரிபார்ப்பான் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அதை ஏற்றுக்கொண்டது. நூபியாவுக்கு இரண்டு பக்கம் படித்துக் காட்டினார். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள், நிரல் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பழைய கையேட்டின் பசு, கன்று கதை அவளுக்கும் தெரியும்.

"என்னப்பா இது, பாதிரியார் பிரசங்கம் மாதிரி இருக்கு" என்றாள். "ஒரு பாவியைக்கூடக் காணோமே. யாருக்காகப் படிக்கிறது?"

அவர் அதை மூடி வைத்தார்.

அப்போது அவருக்கு வேறொரு யோசனை வந்தது. சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் மனித சுபாவம். கையேடு இல்லாத இந்த நாட்களில் எல்லாம் தாறுமாறாகத்தான் போகும். போகட்டும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வியாழக்கிழமை பொதுக்குழுவின் முன் பரப்பி வைத்தால், கையேட்டின் அருமை தானாக விளங்கிவிடும். அந்த நாட்களில் களஞ்சியத்துக்கு வருகிற எல்லா நிரல் மாற்றங்களையும் தானே படித்துப் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டார். வஞ்சம் வைத்துக் குறை கண்டான் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, எழுதியவர் பெயரே தெரியாதபடி மறைத்துக் காட்டச் சொன்னார் யமந்தூவிடம்.

"குத்தம் கண்டுபிடிக்கிறதுல இவ்வளவு நியாயமா இருக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல" என்றார் யமந்தூ.

புதனன்று காலை மாத்தேயை ஊற்றி வைத்துக்கொண்டு, வேட்டைக்காரன்போலக் காத்திருந்தார். வந்தவை எல்லாம் சுத்தமாக இருந்தன. பழக்கதோஷம், இன்னும் சூடு ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டார். வியாழன் வந்தது, வெள்ளி வந்தது. வெளியீடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் கலையவில்லை. சரிபார்ப்பான் பிடிக்கக்கூடிய தவறுகளை விடுங்கள். அது பிடிக்க முடியாத விஷயங்கள், பெயரில் இருக்கிற நாணயம், எதை முதலில் சொல்வது என்கிற நிதானம், எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. அவருக்குக் கோபம்கூட வந்தது. ஒரே ஒருவனாவது ஒரு பசுவுக்கு 'x' என்று பேர் வைக்கக் கூடாதா?

அடுத்த திங்களன்று ஒரு துண்டு வந்தது. பால் வண்டியின் தொட்டியிலுள்ள வெப்பமானி தப்பான எண்ணைக் காட்டினால் என்ன செய்வது என்பதற்கான சிறிய நிரல். ஒரு திரைக்குள் அடங்கியது. ஒரு வேலையை மட்டும் செய்தது. ஒவ்வொரு பெயரும் தன் வேலையைத் தானே சொன்னது. மேலே ஒரு குறிப்பு: 'பால் சூடாகவில்லை, மழையில் கம்பி நனைகிறது. ஈர நாளில் இந்த எண்ணை நம்பிப் பாலைத் திருப்பி அனுப்பாதே.'

என்ன செய்கிறது என்று சொல்லாதே, ஏன் என்று சொல். அது அவருடைய விதி. இந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான் என்று ஒரு கணம் உறுதியாகவே நம்பினார். என்றைக்கோ எழுதி மறந்திருக்கிறேன். பிறகு இன்னொரு முறை படித்தார். இல்லை. தன்னால் இவ்வளவு நன்றாக முடியாது என்று தெரிந்தது.

அராசெலியிடம் போனார்.

"வெப்பமானி விஷயம் நீ எழுதினதா?"

"இல்லையே. யமந்தூன்னுல்ல நெனச்சேன்."

யமந்தூ தலையை ஆட்டினார். "நான் உன்னோடதுன்னு நெனச்சேன் பெருசு. வயசாக வயசாகக் கை நல்லா வருதேன்னு சந்தோஷப்பட்டேன்."

மறைப்பை நீக்கிப் பார்த்தார்கள். எழுதியது மைத்தே குர்பேலோ. சில வாரங்களுக்கு முன் பைசாந்தூவிலிருந்து வந்து சேர்ந்தவள். அங்கே ஆரஞ்சுப் பழம் கட்டி அனுப்பும் நிறுவனத்தில் கணக்கு மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தவள். நாற்பது வயதிருக்கும், குரல் பெரிது. வால்டெமார் அவள் மேஜைக்குப் போனபோது பிஸ்கோத்து தின்றுகொண்டிருந்தாள்.

"கையேட்டை எப்ப படிச்சே?"

"எந்தக் கையேடு?"

"நம்ம கையேடு."

"ஓ, அதுவா! போன திங்கக்கிழமை தரேன்னாங்க. அன்னிக்குப் பாத்தா அதைத் தூக்கிட்டாங்க. ஏன், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்ல. இப்படி எழுதணும்னு எப்படித் தெரிஞ்சுது? ஏன்னு மட்டும் சொல்லணும்னு?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "சுத்தி எல்லாமே அப்படித்தானே எழுதியிருக்கு? நாம மட்டும் வேற மாதிரி எழுதினா அசிங்கமா இருக்காது? மாத்தே குடிக்க உட்கார்றோம், குழலைப் புடிச்சுக் கிண்டக் கூடாதுன்னு யாராவது பாடம் நடத்தறாங்களா? கிண்டுனா நாலு பேர் மூஞ்சி போற போக்குலயே தெரிஞ்சுடுது."

அவர் தன் இடத்துக்கு வந்தார். மறைப்பை மறுபடி போட்டார். அன்று வேறு எந்த வேலையும் செய்யவில்லை. களஞ்சியத்தில் ஒரு கோப்பைத் திறப்பார், படிப்பார், யார் எழுதியது என்று ஊகிப்பார், பார்ப்பார். தப்பு. இன்னொன்று. தப்பு. இத்தனை வருஷமாகக் கூடவே உட்கார்ந்திருக்கிற ஆட்கள். ஒவ்வொருவரின் இருமலையும் அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவார், மாடிப்படியில் காலடி ஓசையைக் கேட்டே இன்னார் என்பார். எழுத்தில் மட்டும் ஒருவரைக்கூட அடையாளம் தெரியவில்லை. சங்கத்தை விட்டு எப்போதோ போனவர்கள் எழுதியது இருந்தது, இறந்துபோன ஒருவர் எழுதியதும் இருந்தது. அதன் நடுவே போன வாரம் வேறு யாரோ செருகிய வரிகள், ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல் தொடர்ந்தன. நாற்பது வாய்கள் பேசியிருக்கின்றன; கேட்பது ஒரு குரல். அந்தக் குரல் நாற்பது பேரில் ஒருவருடையதும் இல்லை.

கடற்கரைச் சாலையில் நின்று, இரண்டு ஆறுகள் கலந்து கடல்போல அகன்று கிடக்கும் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அக்கரை தெரியாத அந்தப் பழுப்புத் தண்ணீரில் எந்தத் துளி பரானா ஆற்றிலிருந்து வந்தது, எது உருகுவாய் ஆற்றிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வால்டெமார் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வருகிறார். பார்த்துப் பார்த்துப் பழகி, பார்ப்பதையே விட்டிருந்தார். இன்றைக்குத் திரையில் அதைப் பார்த்தார். இதை யார் செய்தது? நான் இல்லை. நான் எழுதியது நூறு பக்கக் கண்டிப்பு. அதைத் தூக்கிய பிறகும் இது நிற்கிறது. படிக்காதவளுக்கும் வருகிறது. கூரையைத் தாங்குகிறது என்று நினைத்திருந்த தூணை எடுத்துவிட்டார்கள், கூரை அந்தரத்தில் அப்படியே இருக்கிறது. பயம் என்று சொல்ல முடியாத, ஆனால் பயத்துக்குப் பக்கத்து வீடான ஏதோ ஒன்று அவர் முதுகில் ஏறியது. மாத்தே ஆறிப்போயிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஓர் உருகுவாய்க்காரனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் மறுபக்கத்தில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மெய்மறந்திருந்த வால்டெமாரின் கண்ணில் அது படவில்லை. அராசெலியும் யமந்தூவும் ஒரே கோப்பில் வேலை செய்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட வேண்டும் என்றாள் அவள். வேண்டாம் என்றார் அவர். முன்பென்றால் இருவரில் ஒருவர் கையேட்டைத் திறந்து, இன்ன பக்கம் என்று விரலை வைப்பார். மற்றவர் முணுமுணுத்துக்கொண்டே அடங்கிவிடுவார். இப்போது விரல் வைக்க இடமில்லை. திங்கள் மதியம் தொடங்கியது செவ்வாய் முழுக்க ஓடியது.

"மூச்சு விட ஒரு இடம் வேணாமா?" என்றாள் அராசெலி.

"மூச்சு விடறதுக்கு வெளிய போ. கோப்புல ஏன் விடறே?"

"அன்னிக்கு ஃபைனல்ல பெனால்டியை வானத்துக்கு அடிச்ச ஆள்தானே நீ. உனக்கு இடைவெளியைப் பத்தி என்ன தெரியும்?"

"அந்தப் பேச்சு இங்க வேணாம்!"

புதன் காலை சமையலறையில் இரண்டு சுரைக்குடுக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் பக்கம் வெற்று வரிக்காரர்கள், அடுப்புப் பக்கம் வேண்டாதவர்கள். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த அறையில் ஒரே ஒரு மாத்தேதான் எல்லார் கைக்கும் சுற்றி வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் இருவரின் கோப்பும் அச்சு அசலாக ஒன்றுதான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வியாழன் மாலை பொதுக்குழு கூடியது. தலைமை யமந்தூவின் முறை. அலுவல் ஒன்றே: கையேட்டை நிரந்தரமாக நீக்கக் கோரி அராசெலி சுனினோ கொண்டுவரும் தீர்மானம். பொதுக்குழுவில் எல்லோரும் தோழர். பன்மையில்தான் பேசுவார்கள், எவ்வளவு கோபம் இருந்தாலும். கோபம் இருந்தால் பன்மை இன்னும் கூடும்.

வால்டெமார் முதலில் பேச இடம் கேட்டார். எதிர்த்துப் பேசப் போகிறார், இன்றைக்குச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான் என்று எல்லோரும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

"தோழர்களே, நான் தீர்மானத்தை ஆதரிக்கிறேன்" என்றார்.

சாய்ந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"யாரும் கூப்பிடாத நிரல் துண்டை அழிச்சிடுங்க, துக்கம் கொண்டாடாதீங்கன்னு கையேட்டுலேயே எழுதியிருக்கேன். இந்தப் பத்து நாளா கையேட்டை யாரும் கூப்பிடல. நான் காத்துக்கிட்டு இருந்தேன், ஏதாவது கெடும்னு. கெடணும்னு ஆசைப்பட்டேன்னே வெச்சுக்கங்க. ஒண்ணும் கெடல. யாரு எழுதினதுன்னு என்னால கண்டுபிடிக்க முடியல. என்னோடதுன்னு நெனச்சது என்னோடது இல்ல. நான் செர்ரோவுல பொறந்தவன், சர்ச்சுக்குப் போனவன் இல்ல. ஆனா திங்கக்கிழமை அந்தத் திரை முன்னாடி தொப்பியைக் கழட்டணும்போல இருந்துச்சு. தொப்பி இல்ல, அதனால சும்மா உட்கார்ந்திருந்தேன். கையேடு தன் பேச்சைத் தானே கேக்கணும்னா, அது போகணும். அவ்வளவுதான்."

அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"தோழர் சுனினோ, உங்க தீர்மானம். பேசறீங்களா?" என்றார் யமந்தூ. பன்மை கணிசமாக இருந்தது.

அராசெலி எழுந்தாள். "நான் வாபஸ் வாங்கறேன்."

"என்னாது?"

"வாபஸ். காது கேக்கலையா தோழர்? நானும் நீங்களும் நாலு நாளா ஒரு வெத்து வரிக்காக அடிச்சுக்கறோம். மாத்தே ரெண்டாப் போச்சு. இந்தக் கட்டடத்துல ரெண்டு மாத்தே! இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா? நிரல் எழுத நமக்குக் கையேடு வேணாம், தோழர் பெந்தான்கோர் சொல்றது வாஸ்தவம். எழுதறப்ப நான் அதைத் திறந்ததே இல்ல. சண்டை வந்தாத்தான் திறப்பேன். அதைத் திறந்தா சண்டை முடிஞ்சுடும். அது நிரலுக்கு இல்ல, நமக்கு."

"அப்ப அது தன் விதியைத் தானே மீறலாமா?" என்றார் வால்டெமார். தன் கையேட்டை எதிர்த்து அவர் இவ்வளவு சூடாக வாதாடுவார் என்று பத்து நாட்களுக்கு முன் சொல்லியிருந்தால் நூபியாகூட நம்பியிருக்க மாட்டாள். "பேச்சைக் காப்பாத்த முடியாதவங்க பேசக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான். தப்பாச் சொன்னேன். ரெஃப்ரி கோல் போடணும்னு யாராவது கேக்கறோமா? விசில் அடிச்சாப் போதும்."

"ரெஃப்ரியே ஃபவுல் பண்ணிக் காட்டறாரே தோழர்!"

சிரிப்பு வெடித்தது.

"காட்டட்டும்" என்றாள் அராசெலி. "அதைத்தானே எல்லாரும் படிக்கிறோம்."

அவள் அங்கேயே மாற்றுத் தீர்மானம் வைத்தாள்: கையேடு களஞ்சியத்துக்குத் திரும்ப வேண்டும், பசு, கன்று, டிரைவரோடு, ஒரு தவறுகூடக் குறையாமல், சரிபார்ப்பான் அதை மட்டும் தொடக் கூடாது. அதாவது, விதிவிலக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் பின்வரிசையில் யாரோ, "ஆக, கடைசியில நமக்கும் ஒரு முதலாளி வந்தாச்சு" என்று முனகினார்கள்.

மைத்தே கையை உயர்த்தினாள். சேர்ந்து சில மாதமாவது ஆகாதவர்களுக்கு ஓட்டு இல்லை, பேச்சு உண்டு. "ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? அது திரும்பி வந்தா, நான் படிச்சுதான் ஆகணுமா?"

"படிக்காத!" என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் கத்தின. வெற்று வரிக்காரர்களும் வேண்டாதவர்களும் ஒன்றுசேர்ந்து சொன்ன முதல் சொல் அது.

வாக்கெடுப்புக்கு விட்டார் யமந்தூ. எதிர்ப்பவர்கள் முதலில். வால்டெமார் கையை உயர்த்தினார். சுற்றிப் பார்த்தார். அவருடைய கை மட்டும்தான். தன் கையேட்டைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்ல அந்த அறையில் அவரைத் தவிர ஆளில்லை.

"ஆதரிப்பவர்கள்."

கைகள் எழும்பின. யமந்தூ எண்ணத் தொடங்கினார், அவசியமே இல்லாமல். வால்டெமார் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கை சுரைக்குடுக்கையோடு எழும்பியது, சிந்தாமல். ஒன்று முழங்கையை மேஜையில் ஊன்றியபடி பாதி மட்டும் எழும்பியது. ஒன்று பள்ளிக்கூடத்தில்போல விறைப்பாக, ஒன்று சலித்துப்போய், ஒன்று பக்கத்துக்காரரைப் பார்த்துவிட்டுத் தாமதமாக. அராசெலியின் கை வண்டியை நிறுத்துகிறவள்போல நீண்டிருந்தது. திரையில் யாருடையது எது என்று அவரால் சொல்லவே முடியாத அதே கைகள். இங்கே, அந்தக் கைகளின் நிழல்களை மட்டும் காட்டினாலும் ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்.

எண்ணிக்கை முடிந்துவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. "தோழர் பெந்தான்கோர், கையை இறக்கலாம், எதிர்ப்பு முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு" என்று யமந்தூ சொன்ன பிறகுதான், தன் கையும் அந்தக் கூட்டத்தின் நடுவில் இன்னும் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார்.